ஏரியில் ஒரு மாட்டுக் கயிறு

படகுத்துறைக்காரன் தண்ணீரை நம்பக் கூடாது. கரையில் நிற்கிற ஆளை அதைவிடவும் நம்பக் கூடாது. எண்பதுகளில் ஏற்காடு ஏரியில் துடுப்புப் போட்டவன் சொல்கிறேன். சுற்றுலாப் பயணிகளிடம் சிக்கியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பாய்ப் படகு

சேலத்திலிருந்து, ஊனமுற்ற குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு தெரபி அம்மா வேனில் வந்தார். கூடவே அகலமான ஒரு பாய்ப் படகு. சாய்ந்து உட்கார நாற்காலி, உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும் சுக்கான். கால் விளங்காத குழந்தைகள் ஓட்டப் போகிறார்களாம்! போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். "இந்தக் கூத்து எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டேன்.

"குழந்தைங்க போதும்னு சொல்ற வரைக்கும்."

என் துண்டு

செம்மநத்தத்துப் பூங்கொடிக்குப் பத்து வயது. போலியோவில் கால் இரண்டும் போய், கை மட்டும் இரும்பு. விழுந்துவிடுவாளே என்று, யாருக்கும் தெரியாமல் என் துண்டால் அவளை நாற்காலியோடு கட்டினேன். தெரபி அம்மா பார்த்துவிட்டார். கோபத்தில் அவர் முகம் சிவந்துவிட்டது.

"படகு கவுந்தா மிதவைச் சட்டை அவளை மேலே தூக்கும்; உங்க துண்டு உள்ளேயே புடிச்சு வெச்சுக்கும்!"

வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

மாட்டுக் கயிறு

அக்கரையில் ரோடு. அங்கேதான் அந்த அம்மாவின் வேன் நிற்கும். பூங்கொடியின் அப்பா சடையனிடம், "புள்ளையப் படகுல கொண்டுபோயி, அப்படியே வேன்ல ஏத்தி ஹாஸ்டல்ல சேத்துருவாங்களோ என்னமோ" என்று ஊதிவிட்டேன். சும்மா இருந்த சங்கை நான்தான் ஊதினேன், ஒப்புக்கொள்கிறேன்.

மறுவாரம் அவர் நீளமான மாட்டுக் கயிற்றோடு வந்தார். ஒரு நுனியைப் படகின் பின்பக்கம் கட்டினார்; மறுநுனியைக் கையில் சுற்றிக்கொண்டு கரையில் நின்றார். கயிறு தீர்ந்ததும் படகு முளையில் கட்டிய கன்று மாதிரி வட்டமடித்தது. பூங்கொடி அழுதாள். தெரபி அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் சடையன் கயிற்றை விடவில்லை.

"தண்ணியக்கூட நம்பலாமுங்க, உங்க வேனை நம்ப முடியாதுங்க."

அக்கரை

அடுத்த வாரம் நல்ல காற்று. தெரபி அம்மா முன்னால் இருந்தார், சுக்கான் பூங்கொடியிடம். கயிறு விறைத்ததும் அவள் பின்னால் திரும்பி முடிச்சை அவிழ்த்தாள். "அப்பா, கயித்தப் பத்தரமா வெச்சுக்கோ, வந்தர்றேன்!"

படகு நேராக அக்கரைக்கு, வேன் நிற்கும் இடத்துக்கே போயிற்று. சடையன் அலறினார். ஐயோ, நான் சும்மா சொன்னது நிஜமாகிவிட்டதே! துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு விரட்டினேன். பாதி ஏரி தாண்டியிருப்பேன். அவள் வேனுக்கு எதிரே படகைத் திருப்பி, சிரித்துக்கொண்டே என்னைக் கடந்து இக்கரைக்குப் போய்விட்டாள்.

மூச்சிரைக்க நான் வந்து சேர்ந்தபோது, சடையன் மகளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, புரளியக் கெளப்பி உட்டதும் நீங்க, தொரத்துனதும் நீங்க, இந்தக் கயித்த இனி உங்களுக்குத்தான் கட்டோணும்."

படகுத்துறைக்காரன் யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம், ஆனால் துடுப்புப் போட்டுக்கொண்டே சந்தேகப்பட்டால் ஊரே கரையில் நின்று பார்த்துவிடும்.