முதல் பீச்சு

சந்திரம்மாள் ஆடு கறக்க உட்கார்ந்தால் முதல் பீச்சு சொம்புக்குப் போகாது, அவள் வாய்க்குத்தான் போகும். மகள் கவிநிலாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். சொம்புப் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிற அதே அம்மா, இதைப் பால் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போய் முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டபின் சில மாதங்கள் நன்றாகத்தான் நடந்தாள். பிறகு முட்டி வீங்கியது. சாயங்காலமானால் காய்ச்சல், விடிந்தால் புடவை நனைகிற வேர்வை. முட்டியில் எடுத்த நீரைச் சோதித்ததில் எந்தக் கிருமியும் வளரவில்லை. இப்படியே போனால் வைத்த மூட்டைக் கழற்ற வேண்டிவரும் என்றார் மூட்டு வைத்த டாக்டர் புகழேந்தி.

பஸ் ஏறியதிலிருந்து தெருமுனை வரை சந்திரம்மாள் வாய் ஓயவில்லை. "கைய கழுவாம அறுத்துட்டு இப்ப கழட்டணுமாம். என் காலு இன்னா சைக்கிள் டயரா?"

பக்கத்து வீட்டு ரஹமத்துன்னிசா அதே டாக்டரிடம் மூட்டு மாற்ற நாள் குறித்திருந்தாள். இதைக் கேட்டதும், "எனக்கு வேணாம்க்கா. இப்படியே இழுத்துக்கினு போறேன்" என்று நிறுத்திவிட்டாள்.

அடுத்த முறை டாக்டர், "வீட்ல ஆடு மாடு இருக்காம்மா? பச்சைப் பால் குடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"ஆடு இருக்குது. பால நல்லா காய்ச்சித்தான் குடிப்போம்."

அம்மாவைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. கூட வந்திருந்த கவிநிலா தயங்கினாள். வீட்டின் முதல் பட்டதாரி அவள். மற்றவர் முன்னால் அம்மாவைத் திருத்தினால் படித்த திமிர் ஆகிவிடுமோ? ஆனால் கழற்றப் போவது அம்மாவின் மூட்டை.

"கறக்கும்போது முதல் பீச்சு இவங்க வாயிலதான் சார்."

"அது ஒரு வாய்டி!"

"அந்த ஒரு வாய் போதும்மா" என்று டாக்டர் சிரித்துவிட்டார்.

ரத்தத்தைத் தனியாகச் சோதித்ததில் புருசெல்லா என்று தெரிந்தது. காய்ச்சாத பாலில் வருகிற கிருமி. மாற்று மூட்டில் போய் உட்காருவது அபூர்வமாம். "மூட்டு கெட்டியா இருக்கு. கழட்ட வேணாம், மாத்திரையிலயே பார்க்கலாம்" என்றார்.

மாதக்கணக்கில் மாத்திரை. காய்ச்சல் விட்டது, வீக்கம் வடிந்தது. கடைசிச் சோதனை முடிந்த அன்று சந்திரம்மாள் ஆஸ்பத்திரிப் படியில் கைப்பிடியைத் தொடாமல் இறங்கினாள். பின்னால் வந்த கவிநிலா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தெருவில் ரஹமத்துன்னிசா எதிரே வந்தாள். "டாக்டர் கெடுத்தாலும் அல்லா காப்பாத்திட்டான்க்கா."

சந்திரம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ம்."

வீட்டுக்குள் வந்ததும் கவிநிலா கேட்டாள். "தப்பு டாக்டர் மேல இல்ல, பச்சைப் பால்லதான்னு ஏம்மா சொல்லல?"

"சொல்றேன்டி. ஊரெல்லாம் அந்த மனுசன திட்டிட்டு, எந்த மூஞ்ச வெச்சிக்கினு சொல்றது?"

தானே போய்ச் சொல்லிவிடலாமா என்று கவிநிலா யோசித்தபடி இருக்கிறாள். அம்மா இன்னும் சொல்லவில்லை. ரஹமத்துன்னிசா இன்னும் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் கடைக்குப் போகிறாள்.