பொம்மைக் கடைக்குக் காசு அடித்த நாள்

போன வருடம் மழைக்காலத்தில், கண்டி டவுனில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் தொடங்கிய கதை இது. அன்று மத்தியானம் நான் அம்பிட்டியவிலிருந்து பஸ் ஏறும்போது, சாயங்காலம் பொலிஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் பொம்மை வீடுகளுக்குப் புத்தகம் செய்கிறவன். பொம்மை வீட்டு அலுமாரியில் அடுக்கும் புத்தகம், கதிரையில் மடித்துப் போடும் பத்திரிகை, சுவரில் மாட்டும் நாட்காட்டி, கடைத் தட்டில் வைக்கும் தேயிலைப் பக்கற்று, எல்லாம் தாளில் அச்சடித்து, வெட்டி, ஒட்டிக் கொடுப்பேன். புத்தகம் என் பெருவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஆனால் திறந்தால் திறக்கும். உள்ளே எழுத்து இருக்கும். நூலால் தைத்திருப்பேன். நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாகக் கிழிக்கலாம்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதன் பிறகு ஒரு அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்திலும் புத்தகம் கட்டும் மேசையிலும்தான் என் காலம் போனது. நாலு பேர் முன்னால் பேசு என்றால் எனக்கு வேர்த்துவிடும். ஆனால் கத்தி, அடிமட்டம், பசை மூன்றும் கையில் இருந்தால் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை. தாளில் நார் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று விரலால் தடவியே சொல்வேன். அது தெரியாமல் செய்கிற குட்டிப் புத்தகம் திறந்து வைத்தாலும் தானே மூடிக்கொள்ளும். என்னுடையது மூடாது.

பொம்மை வீடுகளை மரத்தில் செய்பவர் கடுகண்ணாவையில் இருக்கும் ஒரு நானா. முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அந்தத் தடவை வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு குடும்பம், கீழே சில்லறைக் கடை, மேலே வீடு என்று ஒரு பொம்மை வீடு கேட்டிருந்தது. அவர்கள் ஊர் திரும்புகிற நாள் வந்துவிட்டது. மறுநாள் காலையில் வீட்டை ஒப்படைக்க வேண்டும். கடைச் சாமான் எல்லாம் என் பொறுப்பு.

அந்தக் கடை மேசைக்கு நானா ஒரு லாச்சி செய்திருந்தார். நெருப்புப்பெட்டியில் பாதி கூட இருக்காது. இழுத்தால் வரும், தள்ளினால் போகும். எந்தக் குழந்தையும் முதலில் அதைத்தான் இழுத்துப் பார்க்கும். கடைக்காரனின் லாச்சியை இழுத்தால் உள்ளே காசு இருக்க வேண்டாமா? இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் நினைத்தேன்.

மனைவியின் பர்ஸில் இருந்த ரூபாத் தாள்களை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் போனில் படம் பிடித்தேன். அச்சகத்தில் டிசைன் செய்யும் பிள்ளைகளின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே கம்பியூட்டர் பழகியவன் நான். படங்களைச் சுருக்கி ஒரு பக்கம் நிறைய அடுக்கினேன். முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அரிசி அகலத்துக்கு விலகினாலும் என் கண்ணுக்குக் குத்தும். வீட்டுப் பிரிண்டரில் நிறம் பசை பட்டால் கலங்கும். அதனால் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, செய்து முடித்த மற்ற சாமான்களையும் பையில் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். அங்கே அச்சடித்து வெட்டிக்கொண்டு, அப்படியே கடுகண்ணாவை பஸ் பிடிப்பதாக யோசனை.

கடையில் வேலை செய்த பிள்ளையிடம், "அளவ மாத்திடாத தங்கச்சி, நூறு வீதம் அப்படியே அடி," என்று மட்டும் சொன்னேன்.

தாள் வெளியே வந்தது. அவள் அதைக் கையில் எடுத்ததும் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள்.

"ஐயோ அங்கிள், என்ன இது, பூரா சல்லி!"

எனக்குப் பின்னால் ஏதோ கடிதத்தைப் பிரதி எடுக்க வந்து நின்ற மனிதர் எட்டிப் பார்த்தார். பொலிஸ் சீருடை. அவர் அந்தத் தாளை வாங்கி, "மொக்கத மே?" என்று சிங்களத்தில் கேட்டார். என்ன இது என்ற ஒரு சின்னக் கேள்விதான். மார்க்கெட்டில் பேரம் பேசுகிற அளவுக்கு என் சிங்களம் நன்றாகவே ஓடும். சீருடையைப் பார்த்தால் தமிழே ஓடாது.

அவர் தாளை லைட்டுக்கு நேராகப் பிடித்தார். முன்பக்கமும் பின்பக்கமும் அச்சொட்டாகப் பொருந்தியிருந்தன. நான் மெனக்கெட்டுச் செய்த அந்த வேலையைப் பார்த்துத்தான் அவர் முகம் மாறியது. பென் டிரைவைத் திறக்கச் சொன்னார். அந்தப் பிள்ளை ஒரு படத்தை அழுத்தினாள். கம்பியூட்டர் திரை முழுவதும் ஐயாயிரம் ரூபா. அடுத்ததை அழுத்தினாள். அதன் பின்பக்கம். அவளும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

பொலிஸ் நிலையத்துக்கு நடந்துதான் போனோம். மழை கொட்டியது. என்னிடம் குடை இல்லை. என் பை நனையாமல் இருக்கட்டும் என்று அவரே தன் குடைக்குள் என்னைச் சேர்த்துக்கொண்டார். பார்த்தவர்கள் எங்களைச் சொந்தக்காரர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அங்கே சுவரோரம் கிடந்த ஒரு நீள மர வாங்கில் உட்கார வைத்தார்கள். அப்போது மனைவியிடமிருந்து போன் வந்தது.

"எங்க இருக்கீங்க? நானா எனக்குப் போன் மேல போன் போடுறாரு."

"பொலிசுல இருக்கேன்."

"என்னா? என்னா செஞ்சீங்க?"

"காசு அடிச்சேன்."

வாங்கில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். போனுக்குள் மனைவி, "வாயத் தொறக்க மாட்டேம்பீங்க, தொறந்தா இப்பிடியா தொறப்பீங்க!" என்று அழத் தொடங்கிவிட்டாள். வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

எனக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கொண்டை, கையில் மடித்த குடை, பார்த்தாலே ஏதோ அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்பவர் என்று தெரிந்தது. பஸ்ஸில் கைப்பையைத் தொலைத்துவிட்டாராம். அடையாள அட்டையும் அதோடு போய்விட்டதால் முறைப்பாடு எழுத வந்து வெகு நேரமாகக் காத்திருந்தார். பேச்சில் யாழ்ப்பாணம் தெரிந்தது.

"தம்பி, என்ன சொன்னனீர்? காசு அடிச்சனீரோ?"

பையைத் திறந்து ஒரு குட்டிப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். பிறகு நாட்காட்டி, பத்திரிகை, தேயிலைப் பக்கற்று. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு புத்தகத்தை நகத்தால் திறந்தார்.

"இதுக்குள்ள எழுத்தும் கிடக்கே!"

கொஞ்சம் கொஞ்சமாக லாச்சி விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் திட்டினார்.

"உமக்கு விசரே? பொம்மைக்குத் தெரியுமே எது எந்த நாட்டுக் காசு எண்டு? நீர் ஒரு பூவைக் கீறி வச்சாலும் அது காசு எண்டுதானே நம்பும்! ஆரும் போய் உண்மைக் காசை அச்சடிப்பினமே?"

அவர் சொன்னது அவ்வளவு நியாயமாக இருந்தது. அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அச்சு அசலாகச் செய்ய வேண்டும் என்கிற பைத்தியம்தான் காரணம்.

அதற்குள் உள்ளேயிருந்து அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார். ஆனால் தனியாகப் போகவில்லை.

"எழும்பும். பையையும் கொண்டு வாரும். முதல்ல உம்மட அலுவலைப் பாப்பம்."

வாசலில் நின்ற கான்ஸ்டபிள், இப்போது முறையை விட்டால் மறுபடி கடைசியில்தான் உட்கார வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னது எனக்கும் விளங்கியது. பரவாயில்லை என்றார் அந்த அம்மா.

பொறுப்பதிகாரியிடம் அவரே தெளிவான சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். மேசையில் என் சாமான்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். இன்றைக்குச் சின்னதாக அடிக்கிறவன் நாளைக்கு அதே படத்தைப் பெரிதாக அடித்தால் என்ன செய்வது? முன்னும் பின்னும் இப்படிப் பொருத்தத் தெரிந்தவனை எப்படி நம்புவது? இப்படிப் பொருந்தியதற்குக் காரணம் இந்த ஆள் கெட்டிக்காரன் என்பதுதானே என்றார். என் வாழ்க்கையில் யாரும் என் வேலையை அவ்வளவு பாராட்டியதில்லை. பாராட்டைக் கேட்டுப் பயந்ததும் அன்றைக்கு ஒருநாள்தான்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"இதுக்கு நான் என்ன சொல்லுறது தம்பி? இது உம்மட தொழில். வாயைத் திறந்து கதையும்."

அன்றிரவு நான் கூண்டுக்குள்ளா வீட்டிலா என்பது என் அடுத்த வார்த்தையில் இருந்தது. அந்த அம்மா எனக்காகத் தன் முறையை விட்டுவிட்டு நிற்கிறார். பேசாமல் இருந்தால் அவருக்குத்தான் அவமானம் என்று தோன்றியது.

"சேர், அந்த லாச்சி இருக்குது," என்று தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் சொன்னேன். "இப்பவே காட்டுறேன். அதுக்குள்ள போற அளவுதான் நான் அடிச்சேன்."

நானாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். திரையில் முகம் தெரிவதற்கு முன்பே அவருடைய சத்தம் வந்துவிட்டது.

"எங்க தம்பி போய்த் தொலஞ்சீங்க? நாளைக்கு வெள்ளன வீட்ட ஒப்படைக்கணும், கடையப் பாத்தா கந்தூரிச் சாப்பாடு முடிஞ்ச சட்டி மாதிரி காலியாக் கிடக்குது! அந்த லாச்சிக்கு என்னமோ வெச்சித் தாரேன்னு பெருமை அடிச்சீங்களே, எங்க?"

அதிகாரி போனைத் தன் பக்கம் திருப்பினார். நானாவின் முகத்தில் கோபம் போன வேகம் இருக்கிறதே. "ஆ... சேர்" என்று ஒரே நொடியில் பணிந்துவிட்டார். பிறகு பொம்மை வீட்டைக் காட்டினார். மாடி, ஜன்னல், கடைத் தட்டுகள், மேசை. லாச்சியைத் திறக்கச் சொன்னார் அதிகாரி. நானாவின் தடித்த விரல் நகம் திரைக்குள் வந்து அந்த லாச்சியை இழுத்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அதிகாரி போனுக்கு இன்னும் கிட்ட வந்து, இன்னொரு தடவை இழுக்கச் சொன்னார். நானா தள்ளிவிட்டு மறுபடி இழுத்தார். அதை விசாரணைக்காகக் கேட்டாரா ஆசைக்காகக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. பென் டிரைவிலும் போனிலும் இருந்த படங்களை அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அச்சடித்த தாளை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நாட்டின் காசை அனுமதியில்லாமல் அச்சடிப்பது குற்றம், இன்னொரு தடவை இங்கே பார்த்தால் நீதிமன்றம்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார். என் வாக்குமூலத்தை எழுதினார்கள். அந்த அம்மா அதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போடவிட்டார்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. அந்த அம்மா திரும்ப வாங்கின் கடைசிக்குப் போய் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் இப்போது நிறையப் பேர் இருந்தார்கள். நான் நன்றி சொல்ல நின்றேன். முதலில் காட்டிய அந்தக் குட்டிப் புத்தகத்தை அவரிடமே கொடுத்தேன். கைப்பைதான் இல்லையே. கண்ணாடிக் கூட்டைத் திறந்து அதற்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"நில்லாமப் போம் தம்பி. உம்மட பொம்மை முதலாளி கடை திறக்கக் காசில்லாம இருக்கிறான். இனி நீரே ஒரு ராச்சியத்தை நடத்தும், நீரே காசை அடியும்."

வாசலில் என் மனைவி முச்சக்கரவண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் அழுது, திட்டி, சிரித்து முடிப்பதற்குள் அந்த அம்மாவின் பெயரைக் கேட்கும் தைரியம் போய்விட்டது.

அன்று இரவே, நிறம் கலங்கினால் கலங்கட்டும் என்று வீட்டுப் பிரிண்டரிலேயே புதுக் காசு அடித்தேன். ஓரத்தில் தேயிலைக் கொழுந்து, நடுவில் ஒரு வட்டம். காசு என்றால் வட்டத்துக்குள் ஒரு முகம் வேண்டும். எனக்குப் படம் வரைய வராது. ஆனால் என் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. பெரிதாக வரைந்து சுருக்கினால் கோணல் எல்லாம் மறைந்துவிடும். அப்படித்தான் வரைந்தேன். கண்ணாடி, கொண்டை, கொஞ்சம் கோபமான வாய். மறுநாள் விடிந்ததும் கடுகண்ணாவைக்குக் கொண்டுபோய் லாச்சிக்குள் அடுக்கினேன். வாங்க வந்த குடும்பத்தின் சின்னப் பெண், நான் நினைத்தது போலவே, முதலில் அந்த லாச்சியைத்தான் இழுத்தாள். உள்ளே இருந்ததை எடுத்து உடனே கடையில் தேயிலை வாங்கினாள். என்ன நாட்டுக் காசு என்று அவள் கேட்கவில்லை.

பெரியவர்கள்தான் கேட்கிறார்கள். அன்று முதல் என் பொம்மைக் கடைகளில் எல்லாம் அதே காசுதான், இந்த அம்மா எந்த நாட்டு ராணி என்று இப்போதும் எல்லோரும் கேட்கிறார்கள். நான் ஒளிக்காமல் பொலிஸ் கதையை முழுவதும் சொல்கிறேன். முன்பெல்லாம் வாங்க வருகிறவர்களோடு மனைவிதான் பேசுவாள், இப்போது அந்தக் கதைக்கு மட்டும் என்னை விடச் சொல்கிறேன். வங்கியிலோ தபால் கந்தோரிலோ யாராவது என்னைப் போலத் திக்கி நிற்பதைப் பார்த்தால், முன்னால் போய் "என்ன வேணும்?" என்று கேட்கவும் பழகிவிட்டேன்.

ஊர் பேர் தெரியாத ஒரு மனுஷி எனக்காக ஒரு சாயங்காலத்தை விட்டுக்கொடுத்தார். என் பொம்மை வீடுகளில் இன்றைக்கும் கொடுக்கல் வாங்கல் எல்லாம் அவர் முகத்தை நம்பித்தான் நடக்கிறது.