கந்தோர்க்காரருக்கு அப்டன் பார்க்கில் வைத்த பட்டப்பெயர்

இன்றைக்கு மங்கை அக்காவின் கடையில் ஒரு வொய்ஸ் மெசேஜ் கேட்டேன். அந்தப் பிரமிப்பு இன்னும் போகவில்லை!

முதலில் இரண்டு கிழமைக்கு முந்திய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

லண்டன் அப்டன் பார்க்கில் அக்காவுக்கு ஒரு பலசரக்குக் கடை. பிளேஸ்டோவில் இருந்து நான் பஸ் ஏறிப் போவது முருங்கைக்காய்க்கு. (ஊர்க்கதைக்கும்தான், மறைப்பானேன்!)

அன்றைக்கு அக்கா காசு வாங்கும் டில்லில் முகம் வாடி நின்றார்.

"என்னக்கா, சுகமில்லையோ?"

"எனக்கொண்டுமில்லையடி. தங்கச்சியின்ரை காணிப் பேப்பர்தான் பிரச்சினை."

தங்கை வசந்தி யாழ்ப்பாணத்து ஊரில் இரண்டு பெண் பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் இருக்கிறார். அரசாங்க வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்துவிட்டது. ஆனால் மாத முடிவுக்குள் காணிப் பேப்பரைக் கொடுக்காவிட்டால் அந்த வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். பேப்பரோ கந்தோரில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், ஒரு அலுவலரிடம் சிக்கிக் கிடக்கிறது.

"அவர் ஃபைலைத் திறக்க முன்னம் ஒரு கேள்வி கேப்பாராம். 'வெளிநாட்டிலை ஆர் இருக்கினம், எல்லாரும் சுகமோ?' எண்டு. இவள் விசரி, அக்கா லண்டனிலை கடை வைச்சிருக்கிறா எண்டு பெருமையாச் சொல்லிப்போட்டாள்!"

அவ்வளவுதான். அடுத்த நாளே ஃபைலைக் காணவில்லை!

(லண்டன் கடை என்றால் மாளிகை என்று நினைப்பு. அக்கா பின்னறையில் வெங்காய மூட்டையில் இருந்து சாப்பிடுவதை அவர் வந்து பார்க்க வேண்டும்.)

"காசைக் குடுத்துத் துலைப்பம் எண்டு பாக்கிறன்," என்றார் அக்கா.

எனக்குப் பின்னால் நின்ற மலேசியா மணியம் அங்கிள் தலையாட்டினார். "எங்க ஊர்ல இதுக்குக் கோப்பி காசுன்னு பேரு. கோப்பியே குடிக்காதவனும் வாங்குவான்!"

சென்னைப் பெண் திவ்யா விடவில்லை. "எங்க ஊர்ல 'கொஞ்சம் கவனிங்க'ன்னு சொல்வாங்க அங்கிள். கவனிக்கலைன்னா ஃபைல் நகராது."

அப்போதுதான் தேவன் அண்ணை வாயைத் திறந்தார். பஸ் டிரைவர். ஷிப்டுக்கு நடுவில் யூனிஃபோர்மோடு மிக்சர் வாங்க வந்தவர்.

"உந்த மனுசன் பாவம், எல்லாற்றை குசலமும் விசாரிக்கிறார். அவருக்குக் குசலத்தார் எண்டு பட்டம் தெளிப்பம். அவர் வாங்கிறதுக்குப் பேர் குசலம்!"

பட்டம் தெளிப்பது என்றால் பட்டப்பெயர் வைப்பது. யாழ்ப்பாணத்தாருக்கு அதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை! (எனக்கு ஊரில் வைத்ததை இங்கே எழுத மாட்டேன்.)

கடையே சிரித்தது. அக்காவும் சிரித்துக்கொண்டே தங்கைக்கு ஃபோன் போட்டுச் சொன்னார். நான் அத்தோடு மறந்துபோனேன்.

இன்று கேட்டது வசந்தியின் மெசேஜ்.

"அக்கா, நான் லைனிலை நிண்ட ரண்டு பேருக்குத்தான் சொன்னனான். அடுத்த முறை போறன், கந்தோர் வாசல் முழுக்க அதே கதை! 'எனக்கு இன்னும் குசலம் விசாரிக்கேல்லை' எண்டு ஆளாளுக்குச் சொல்லுதுகள். தேத்தண்ணிக் கடைக்காரருக்கும் தெரியும்! எனக்கு முன்னாலை நிண்ட ஐயாவிட்டை அவர் 'வெளிநாட்டிலை ஆர்...' எண்டு தொடங்கினார். பின்னாலை ஒரு மனுசி களுக்கெண்டு சிரிச்சுது. பிறகு முழு லைனும் சிரிச்சுது. அவராலை கேள்வியை முடிக்க ஏலேல்லை அக்கா! என்ரை முறை வந்துது. ஒண்டும் கேக்கேல்லை. மேசை லாச்சியைத் திறந்து ஃபைலை எடுத்தார். அது அங்கையேதான் கிடந்தது! பேப்பரும் கையிலை வந்திட்டுது!"



அக்கா எழுதிய இமெயில்களுக்குப் பதில் இல்லை. மேலிடத்துக்கு வசந்தி கொடுத்த கடிதங்கள் போன இடம் தெரியவில்லை. மிக்சர் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே ஒருவர் சொன்ன சொல் கடல் தாண்டிப் போய், வெயிலில் காத்து நின்ற சனத்தின் வாயில் ஏறி, அந்த மேசையையே அசைத்திருக்கிறது! கையில் எந்த அதிகாரமும் இல்லாத சனத்துக்கு இவ்வளவு பலமா என்று மலைத்துப்போனேன். மெய் சிலிர்த்தது, உண்மையாகவே.

உடனே தேவன் அண்ணைக்கு ஃபோன் போட்டேன்.

"நான் சும்மா வாயிலை வந்ததைச் சொன்னனான் பிள்ளை," என்றார். பிறகு, "உண்மையாப் பேப்பர் கிடைச்சிட்டுதோ?" என்று மூன்று தரம் கேட்டார்.

அந்தக் குசலத்தார் நாளைக்கு வேறு கேள்வி கண்டுபிடிப்பார், தெரியும். சனமும் வேறு பெயர் கண்டுபிடிக்கும்!

மெசேஜின் கடைசியில் வசந்தியின் சின்ன மகள் கத்தினாள். "பெரியம்மா, எங்கடை வீட்டுக்குக் கதவு வரப்போகுது!"

அக்கா டில்லை அப்படியே விட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய் அழுதார். லைனில் நின்றவர்கள் பொறுமையாக நின்றோம்.

சரி, உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வார்கள்? கமெண்டில் எழுதுங்கள். ஆளின் பெயர் வேண்டாம், கந்தோரின் பெயரும் வேண்டாம். சனம் வைத்த பெயர் போதும். அதற்குத்தான் லாச்சி திறக்கிறது!