டாக்டருக்கும் அம்மா பல்லு!

என் மகள் ஒன்றாம் வகுப்பு படித்த சமயம். சென்னை அஸ்தினாபுரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவளுக்கு முன்பக்கப் பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தன. மற்ற அம்மாக்களுக்கு அது சந்தோஷமான விஷயம். எனக்கோ அது பெரிய கவலை.

காரணம், என் பற்கள். நான் பிறந்து வளர்ந்தது தர்மபுரிப் பக்கம். முன்பற்களில் பழுப்புக் கோடுகள். எங்கள் தெருவில் எல்லோருக்குமே அப்படித்தான் என்பதால், கல்யாணமாகி இங்கே வரும்வரை அதை ஒரு குறையாகவே நான் நினைத்ததில்லை. குடிவந்த அன்றே வீட்டுக்காரம்மா, "இன்னாம்மா, இந்த வயசுலயே வெத்தல போட்டுகினு கீறியா?" என்று கேட்டுவிட்டார். கள்ளமில்லாத மனுஷி, சும்மாதான் கேட்டார். ஆனால் அன்றிலிருந்து சிரிப்பு வந்தாலே என் கை தானாக வாய்க்குப் போய்விடும்.

அம்மா பல்தான் மகளுக்கும் வரும் என்று நான் உறுதியாக நம்பினேன். காலையில், சாயங்காலம், பள்ளி விட்டு வந்ததும் என்று அவளைப் பிடித்து நிறுத்தித் தேய்த்துவிடுவேன். ஒருநாள் ஈறில் ரத்தமே வந்துவிட்டது. பதறிப்போய்க் கீழ்க்கட்டளையில் ஒரு பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மாஸ்க் போட்டிருந்தார். மகளிடம் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, அவளும் குலுங்கிச் சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் பாப்பா வாயை மூடுறே? பல்லு அழகா, வெள்ளையா இருக்கே!"

"சிரிச்சா மூடணும்ல ஆன்ட்டி? அம்மா அப்படித்தான் சிரிப்பாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. என் பல் அவளுக்கு வந்துவிடக் கூடாது என்று அத்தனை பாடு பட்டேன். என் கை அவளுக்கு வந்துவிட்டதை மட்டும் பார்க்கவே இல்லை.

டாக்டர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "அக்கா, தர்மபுரிப் பக்கமா நீங்க?" என்றபடி மாஸ்க்கைக் கீழே இறக்கினார். அவர் பற்களிலும் அதே கோடுகள்!

"அம்மா, டாக்டருக்கும் உன் பல்லு!" என்று மகள் கத்தியே விட்டாள்.

"நானும் அந்தப் பக்கம்தான்க்கா. இது தண்ணியில இருக்கிற ஃப்ளோரைடு. கொஞ்சம் இருந்தா பல்லுக்கு நல்லது, அதிகமானா இப்படி. பல்லு ஈறுக்குள்ள உருவாகுற வயசுல குடிச்ச தண்ணியால வர்றது. பரம்பரையா வராது, தேய்ச்சாலும் போகாது. பாவம், பாப்பாவை விட்டுடுங்க."

எனக்கு மனசு கேட்கவில்லை. "எங்க அடிபம்புத் தண்ணி அவ்வளவு ருசியா இருக்கும் டாக்டர். நல்ல தண்ணின்னு பக்கத்து ஊர்லேர்ந்து சைக்கிள்ல வந்து பிடிச்சிட்டுப் போவாங்களே!"

"உப்புக் கரிக்கலைன்னா நல்ல தண்ணின்னு பேரு வெச்சுடறோம். ஃப்ளோரைடு நாக்குக்குத் தெரியாதுக்கா!"

சொல்லிவிட்டு வாய் நிறையச் சிரித்தார். கை மேலே போகவே இல்லை. அந்தக் கறைப் பற்களோடு எத்தனை அழகாக இருந்தார் தெரியுமா! அப்புறம் பம்படி, குட வரிசை, கோடையில் நடக்கும் சண்டை என்று எங்கள் கதை நீண்டது. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.

மகள் இப்போது தாம்பரத்தில் கல்லூரிக்குப் போகிறாள். அவள் சிரித்தால் தெருமுனை வரை கேட்கிறது. எனக்குத்தான் இன்னமும் சில நேரம் பழக்க தோஷத்தில் கை வாயை நோக்கி எழும்பும். அப்போதெல்லாம் மாஸ்க்கை இறக்கிய அந்த முகம் நினைவுக்கு வரும். நானும் கையை இறக்கிவிட்டுச் சிரித்துவிடுவேன்.