பல் பதிந்த ஈயம்

அப்பா இருந்தார், மடியில் புது வீச்சுவலை. அம்மா இருந்தாள், அடுப்படியில் சத்தம் போட்டபடி. மாமா இருந்தார், அவருக்குச் செங்கலடிச் சந்தியில் வாகனம் திருத்தும் கடையில் வேலை, பழைய பற்றரிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவார். தம்பி இருந்தான், ஐந்து வயது. நான் இருந்தேன், ஒன்பது.

பற்றரியை உடைத்து உள்ளிருக்கும் ஈயத்தை அப்பா முற்றத்தில் உருக்குவார். பற்றரித் தண்ணீரை வாவிக் கரையில் ஊற்றுவார். அந்த இடத்தில் நின்ற கண்ணா மரம் பட்டுப்போனது. வெயில் என்றார்கள்.

ஈயத் துண்டை வலையின் கீழ்க்கயிற்றில் சுற்றி இறுக்க வேண்டும். அப்பாவிடம் குறடு இருந்தது. தொடமாட்டார்.

“குறடு நூலை அறுத்துப் போடும். பல்லுக்குத்தான், புள்ள, பக்குவம் தெரியும்” என்பார்.

ஆகவே கடித்தோம். தம்பி ஒவ்வொன்றையும் கடித்துவிட்டு எண்ணைச் சொல்லுவான். நூறு வரை தெரியும். “என்ட மருமகன் இஞ்சினியர்” என்று மாமா தோணித்துறை முழுக்கச் சொல்லித் திரிந்தார். நான் ஒரு துண்டை எப்போதும் கடைவாயில் அடக்கி வைத்திருப்பேன். குளிர்ச்சியாக இருக்கும். அது பழக்கம்.

மாரி வந்தபோது தம்பி சோற்றை மறுத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். அம்மா மூன்று தரம் வயிற்றுப்பூச்சிக்கு மருந்து கொடுத்தாள். கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள். பிறகு பொறுமை போயிற்று.

“எண்ணடா.”

“ஒண்டு, ரெண்டு...”

“போன மாசம் நூறு சொன்னவன்தானே நீ? சோம்பேறி! என்னகா பாத்துக்கொண்டு நிக்கிறாய், நீயாவது சொல்லிக் குடு.”

நான் சொல்லிக் கொடுத்தேன். வராததால் குட்டினேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: “புள்ள கண்டதையும் வாயில போடுறானா?”

“சோத்தையே போடுறானில்ல டொக்டர். பிறகெங்க கண்டதை?” என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் கடைவாயில் இருந்த ஈயம் விழுந்துவிடும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருடம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இரத்தத்தில் ஈயம் என்றார்கள். எனக்கும் கொஞ்சம் இருந்ததாம். சின்ன உடம்பை அது கூடுதலாகப் பிடிக்குமாம். வீட்டுக்கு வந்ததும் அப்பா குறட்டைத் தேடி எடுத்தார். அம்மா அதைப் பிடுங்கி எறிந்தாள்.

தம்பிக்கு இப்போது இருபத்தைந்து. என்னோடுதான் இருக்கிறான். ஒரு வேலையை நாலு தரம் சொல்ல வேண்டும். நாலாம் தரம் கத்துவேன். கத்திவிட்டு என் மேலேயே எரிச்சல்படுவேன்.

அப்பா போன பிறகு அந்த வலையை இறக்கிப் பார்த்தேன். பல் தடங்கள் அப்படியே இருந்தன. பெரியவை அப்பாவுடையவை. அடுத்தவை என்னுடையவை. அன்று டொக்டர் முன்னால் நான் வாயைத் திறந்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். அவர் கேட்டது தம்பியைப் பற்றி, என்னைப் பற்றியல்ல என்று அப்போது நினைத்தேன்.

சின்னப் பல் பதிந்தவற்றை மட்டும் எண்ணினேன்.

எழுபத்து மூன்று.