அண்ணன் ஹேண்டிலைச் சரியாகத்தான் பிடித்தார்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய மகன் கேட்டபோது, கண் சரியில்லை என்று இரண்டு வாரம் சாக்குச் சொன்னேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை. எழுதினால் இதைத்தான் எழுத வேண்டும் என்பதால் தயங்கினேன்.

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகே ஒரு சிற்றூரில், உழவர் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அண்ணன். அப்பா இறந்தபோது அவர் எட்டாம் வகுப்பு, நான் கைக்குழந்தை. லாரியில் கிளீனராகச் சேர்ந்து, ஓட்டுநராகி, அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். மெக்கானிக் வேலை கற்க என்னைச் சென்னைக்கு அனுப்பியவரும் அவரே. திருக்கழுக்குன்றம் சாலையில் கர்ப்பிணி யாரேனும் நடந்து போனால், வண்டியில் இருப்பவர்களிடம் கெஞ்சியாவது ஏற்றிக்கொள்வார்.

எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு ஒரு முதலாளியின் அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டிவந்தார். அதன் எஞ்சின் தேய்ந்துபோகவே, முதலாளி வேறொரு பழைய எஞ்சின் வாங்கினார். மாற்றும் வேலையை, "என் தம்பி செய்வான்" என்று சொல்லி, செங்கல்பட்டிலேயே புதிதாகப் பட்டறை போட்டிருந்த எனக்கு வாங்கித் தந்தார் அண்ணன்.

எஞ்சினை மாற்றினேன். ஓடவும் ஓடியது. ஆனால் ஸ்பார்க் எந்த நேரத்தில் விழுகிறது என்பதை, எஞ்சின் முன்னால் உள்ள புல்லியின் கோட்டைப் பார்த்து, சிறு பல்பைக் கட்டிச் சோதிக்க வேண்டும். கோடு எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்திருந்தது. துடைக்கச் சோம்பல்பட்டு, காதால் கேட்டே டைமிங் வைத்தேன். ஸ்பார்க்கின் நேரத்தை மாற்றும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பத் திருப்ப எஞ்சின் துடிப்பாக ஓடியது. அதுவே சரியென்று போல்ட்டை முடுக்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் அண்ணன் பட்டறைக்கு வந்தார்.

"மேடு ஏறுறப்ப உள்ள கல்லு தட்ற மாதிரி சத்தம் வருதுடா. ஸ்டார்ட் பண்ணா எதிர்த்து ஒதைக்குது. டைமிங் இன்னொரு தபா பாரு."

பட்டறையில் நாலு பேர் இருந்தார்கள். "நீ ஸ்டியரிங்கைப் பாத்துக்கண்ணா. எஞ்சின் என் வேலை," என்றேன். அவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ரயில் நிலைய ஸ்டாண்டில் வண்டியின் பேட்டரி இறங்கியிருந்தது. மாமல்லபுரம் போக ஒரு குடும்பம் காத்திருந்தது, முதலாளியும் நின்றிருந்தார். என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, அண்ணன் வண்டியின் முன்னே குனிந்து, எஞ்சினைக் கையால் ஸ்டார்ட் செய்யும் இரும்பு ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தார். கட்டைவிரலை மடக்காமல், மற்ற விரல்களோடு சேர்த்தே, முறைப்படி பிடித்திருந்தார். அதை என் கண்ணால் பார்த்தேன். ஹேண்டில் திடீரென்று எதிர்ப்பக்கம் சுழன்று அவர் வலது மணிக்கட்டில் அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது நான் சொன்ன வார்த்தை இது:

"கட்டைவெரலை மடக்கிப் புடிச்சிக்கீறே! எத்தினி வருசமா வண்டி ஓட்றே, இது கூடவா தெரியாது?"

"இல்லடா, சரியாத்தான்..." என்று தொடங்கியவர், முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பேசவில்லை.

வேறொருவர் அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக, நான் வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிவரச் செய்தேன். புல்லியைத் துடைத்தேன். பல்பைக் கட்டினேன். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு வெகு முன்பாகவே ஸ்பார்க் விழுந்துகொண்டிருந்தது. அதுதான் எஞ்சினைப் பின்னோக்கித் தள்ளியது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பியதும் சரியாகிவிட்டது. ஹேண்டிலை அரைச் சுற்றுச் சுற்றினேன், அமைதியாக எடுத்தது. மொத்த வேலையும் கால் மணி நேரம். கையைக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், அம்மாவிடமும் அண்ணியிடமும் அதே பொய்யைச் சொன்னேன்.

மூன்று மாதம் அண்ணனால் வண்டி ஓட்ட முடியவில்லை. மணிக்கட்டு கடைசிவரை நிமிரவில்லை. சாப்பிடும்போது சோறு சிந்தும். ஸ்டாண்டில் 'ஹேண்டில் அண்ணாத்தே' என்று பெயர் வைத்தார்கள். என் பட்டறை வளர்ந்தது. அவருக்கு உண்மை தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவு வரவில்லை. கடைசி நாட்களில் கூடுவாஞ்சேரியில் மகன் வீட்டில் படுத்திருந்தபோது, அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

இதை எழுதி முதலில் அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

"சோறு சிந்தற போதெல்லாம் நானும்தானே தம்பி சொன்னேன், வெரலை ஒழுங்கா வெச்சிருந்தா இப்டி ஆயிருக்குமான்னு. ஒரு நாளும் எதிர்த்துப் பேசல அவரு. என்னையும் அப்டிப் பேச வெச்சுட்டியே." எழுந்து நின்று, "அச்சுக்குக் குடு. எல்லாரும் படிக்கட்டும்," என்று உள்ளே போய்விட்டார். அன்று எனக்குக் காபி கொடுக்கவில்லை.

அண்ணன் கையில் கட்டோடு இருந்த மாதங்களில் முறை வைத்து அவர் வண்டியை ஓட்டி, வேலை போகாமல் காத்த ஸ்டாண்டு நண்பர்களுக்கும், வாரந்தோறும் மீன் கொண்டுவந்து கொடுத்த கடப்பாக்கத்து நண்பருக்கும், நோயில் துணைநின்ற கூடுவாஞ்சேரி அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அண்ணனைப் பற்றிப் பேசும்போது, அவர் கை முறிந்தது அவர் தவறால் அல்ல என்று சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு யார் தவறு என்று கேட்டால், தம்பி என்று சொல்லுங்கள்.