அழிந்துபோன பதினொரு பேட்டிகள்

2007 பங்குனி மாதம். இறுதி ஆய்வேட்டை ஒப்படைக்க நான்கு கிழமைதான் இருந்தது. ஒலிப்பதிவுகளைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. பதினொரு தமிழ்ப் பெண்களின் பேட்டிகள்!

டோர்ட்மண்டிலிருந்து ரயிலேறி, வேறொரு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் தொடர்பாடல், ஊடகத் துறையில் படித்துவந்தேன். முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். புலம்பெயர்ந்த நம்மவர் வீடுகளில் தமிழ் வானொலி ஏன் நாள் முழுக்க ஓடுகிறது என்பதே என் ஆய்வு. பேட்டிகளைக் கணினிக்கு மாற்றிவிட்டதாக நம்பி, ஒலிப்பதிவுக் கருவியைத் துறையிடம் திருப்பிக் கொடுத்திருந்தேன். அவை மாறவே இல்லை.

கருவி அறைக்கு ஓடினேன். கருவி திரும்பி வந்ததும் பதிவுகளை அழித்துவிடுவார்களாம், அதுதான் விதியாம். அங்கிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கூடுதல் தவணை கேட்டுப் பரீட்சை அலுவலகத்துக்குப் போனேன். ஒரு படிவம் தந்தார்கள். நிரப்பினால், அது வேறு துறையின் படிவமாம். சரியானதைப் பெற டெர்மின், அதாவது சந்திப்புக்கு நேரம், எடுக்க வேண்டுமாம். டெர்மின் கிடைத்ததோ, ஒப்படைக்கும் நாளுக்கு அடுத்த கிழமை!

நடைபாதை வாங்கில் உட்கார்ந்து செபித்தேன். செபம் என்றா சொல்வது? சண்டை. “ஆண்டவரே, வேலைக்கும் போய், பிள்ளைகளையும் பார்த்துப் படித்தேனே, உமக்குக் கண் இல்லையா? அந்தப் பேட்டிகளைத் திருப்பித் தாரும்!” எரிச்சலில் செபமாலையைப் பைக்குள் எறிந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும், பேட்டி தந்தவர்களில் ஒருவரான மேரி அக்காவிடம் கூனிக் குறுகி விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

“அழிஞ்சது நல்லது, தங்கச்சி. பாட்டுக் கேக்கத்தான் ரேடியோ போடுறன் எண்டு சொன்னது பொய். மரண அறிவித்தல் கேக்கத்தான் போடுறன். மன்னாரிலை காணாமல் போன தம்பீன்ரை பேர் வருதோ எண்டு. வராட்டித்தான் சமைக்கவே போவன்.”

“ஏன் அக்கா இதை முதல் சொல்லேல்லை?”

“நீர் கேள்வித்தாளைப் பாத்துக்கொண்டெல்லோ இருந்தனீர்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவே மற்றவர்களுக்கும் தொலைபேசி எடுத்தார். பத்து நாளில் பதினொரு பேரும் மறுபடி கதைத்தார்கள். கேள்வித்தாளை நான் கொண்டுபோகவே இல்லை. கடைசி நாளுக்கு முதல் நாள் ஆய்வேட்டைக் கொடுத்தேன். தேறினேன்.

கேட்டதை ஆண்டவர் தரவில்லை. எனக்குக் கேட்கத் தெரியாததைத் தந்தார். அவருக்கு நன்றி. அலுவலகங்களில் இன்றும் எரிச்சல் வருகிறது, மறைக்கவில்லை. ஆனால் ஒருவர் கதைத்தால் முடிக்கும்வரை கேட்கப் பழகிவிட்டேன். உங்களுக்கும் பொறுமை போய்விட்டால், நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திராதீர்கள். வாயில் வருவதோடேயே அவரிடம் போங்கள். அவர் தாங்குவார்.

மேரி அக்காவின் தம்பிக்காகவும் மன்றாடுங்கள். பெயர் அலோசியஸ். அக்கா இன்னும் வானொலி கேட்கிறார்.